கருங்கல் என்றால் எந்தக் கருங்கல்? வன்னியில் கட்டுபவருக்குப் பசால்ற்றும் மைலோனைற்றும்

டிப்பர்க்காரர் "எரிமலைக் கல், இரும்பு மாதிரி" என்று சொல்லி ஒரு லோட் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார். மேசன் ஒன்றை எடுத்துச் சுத்தியலால் தட்டுகிறார். "ஓடு ஓடாய்க் கழருது. இதை நான் கொங்கிறீட்டுக்குப் போடமாட்டன்" என்கிறார். காசு கொடுத்தவர் நடுவில் நிற்கிறார். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே கல்லைத்தான்: கறுப்பு, கண்ணுக்கு மணி தெரியாத நயம், கையில் கனம். இப்படி இருக்கும் கல் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ற்றாகவும் இருக்கலாம், பூமிக்குள் பிளவு வழியே பாறை இழுபட்டு உருமாறிய மைலோனைற்றாகவும் இருக்கலாம். எங்களூரில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், கருங்கல்.

டிப்பர்க்காரர் சொன்னதை முதலில் பார்ப்போம். வன்னித் தரையில் எரிமலைக் கல் மேலே கிடப்பதில்லை. வவுனியா, நெடுங்கேணிப் பக்கத்துப் பாறைகள் மிகப் பழைய உருமாறிய பாறைகள், பெரும்பாலும் நைஸ் எனப்படும் பட்டை பட்டையான கல். இலங்கையின் அடித்தளப் பாறைகளைப் பிரித்த புவிச்சரிதவியலாளர்கள் 1991இல் இந்தப் பகுதிக்கு 'வன்னித் தொகுதி' என்றே பெயர் வைத்தார்கள். பூநகரி, மன்னார்க் கரைப் பக்கம் போனால் சுண்ணக்கல். பசால்ற் இருப்பது மன்னார்க் கடலுக்கு அடியில்தான். 2011இல் எரிவாயு தேடித் துளைத்த பரகுடா கிணற்றில் பசால்ற் அடுக்குகள் குறுக்கிட்டன. ஆகவே உள்ளூர்க் குவாரியிலிருந்து 'எரிமலைக் கல்' என்று வருவது அநேகமாக நைஸின் கரிய பட்டை, அல்லது அந்த நைஸைக் குறுக்கறுத்துப் போன மைலோனைற் பட்டை. உண்மையான பசால்ற் கையில் வந்தால் அது கடல் தாண்டி வந்தது. தரைக்கல்லாகவோ, தோட்டத்து அலங்காரக் கல்லாகவோ, அரைகல்லாகவோ வந்திருக்கும்.

எதை வைத்து அளப்பது

எந்தக் கல் நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. ஏழு கேள்விகள் கேட்கவேண்டும். உடைத்தால் என்ன வடிவில் உடைகிறது? எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது? சீமெந்தோடு சேர்ந்தால் பின்னாளில் என்ன செய்யும்? தாரோடு ஒட்டுமா? உளிக்கு எப்படிக் கொடுக்கிறது? ஒரு கியூப் எவ்வளவு நிறை? எங்கிருந்து, எந்தப் பத்திரத்தோடு வருகிறது? ஆறாவதைத்தான் எல்லோரும் மறப்பது. ஏழாவதைப் பொலிஸ் மறிக்கும்போதுதான் நினைப்பது.

| | பசால்ற் | மைலோனைற் |
|---|---|---|
| பிறந்த விதம் | 1,000–1,200 பாகை செல்சியஸ் குழம்பு மேலே வந்து விரைவாக உறைந்தது | ஆழத்தில், பிளவு வலயத்தில், உருகாமலே இழுபட்டு மணி சிறுத்தது |
| சிலிக்கா | 45–52 வீதம் | மூலப்பாறையைப் பொறுத்தது. கிறனைற் வகை நைஸிலிருந்து வந்தால் 65–75 வீதம் |
| அடர்த்தி | 2.8–3.0 | அதே மூலத்துக்கு 2.6–2.7 |
| உடைவு | எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி | ஒரு தளத்தில் பலகையாக |
| கொங்கிறீட்டில் பயம் | களிமண்ணாக மாறிய கனிமம், கண்ணாடி, குமிழ்த்துளை | சப்பைச் சல்லி, காரம்–சிலிக்காத் தாக்கம் |
| தார் | நன்றாக ஒட்டும் | படிகக்கல் கூடினால் ஈரத்தில் கழரும் |
| அத்திவாரம் | உருண்டு நிற்கும், அடுக்கக் கடினம் | படுக்கையாக வைத்தால் மிக நல்லது |
| அரைகல் | துளையுள்ளது நல்லது | வெட்டும் திசை தெரிந்தால் மட்டும் |
| வன்னியில் | கடல் தாண்டி | குவாரியிலேயே |

பெயரில் ஒரு குழப்பம்

மைலோனைற் என்ற பெயரை 1885இல் சாள்ஸ் லப்வேர்த் வைத்தார். ஸ்கொட்லாந்தின் மொயின் பிளவுப் பகுதிக் கல்லைப் பார்த்து, கிரேக்க மொழியில் மாவரைக்கும் ஆலைக்குள்ள சொல்லிலிருந்து எடுத்தது. திருகையில் போட்டதுபோலப் பாறை நொறுங்கி இப்படி ஆனது என்பது அவருடைய எண்ணம். பின்னாளில் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது கதை மாறியது. ஏறக்குறைய 300 பாகைக்கு மேல் படிகக்கல் (குவாட்ஸ்) உடையாமல் பிசைந்த மாப்போல வழிந்து, புதிய சின்ன மணிகளாகத் திரும்பப் படிகமாகிறது. களிக்கல் (பெல்ஸ்பார்) அந்தச் சூட்டில் இன்னும் விறைப்பாக இருப்பதால் கண் வடிவக் கட்டிகளாக மிஞ்சுகிறது. அந்த வெள்ளைக் 'கண்'கள்தான் கடையில் நின்றே மைலோனைற்றை அடையாளம் பிடிக்க முதல் சாட்சி. இப்படிச் சிறுத்த மணி பாறையில் பாதிக்கு மேல் வந்தால் மைலோனைற், 90 வீதத்தைத் தாண்டினால் அதிமைலோனைற். பசால்ற் என்று ஏமாறுவது இந்தக் கடைசி வகையில்தான், ஏனென்றால் அதில் கண்ணே மிஞ்சுவதில்லை.

கையில் வைத்துப் பிரிப்பது

கல்லைக் கழுவி, புதிதாக உடைத்த முகத்தை நனைத்துப் பாருங்கள். காய்ந்த முகம் எல்லாக் கல்லையும் சாம்பலாகக் காட்டும். ஒரு முகத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று முகம் வேண்டும். பசால்ற் மூன்றிலும் ஒன்றுபோல இருக்கும். மைலோனைற் ஒரு முகத்தில் மெல்லிய கோடு கோடாக, இன்னொன்றில் சீப்பால் இழுத்ததுபோல ஒரே திசைக் கீற்றாக, மூன்றாவதில் வெறும் புள்ளியாகத் தெரியும். சின்ன வட்டக் குழிகளோ, வெள்ளைக் கனிமம் நிரம்பிய உருண்டைகளோ இருந்தால் அது எரிமலைக் கல்லின் குமிழ். மைலோனைற்றில் குமிழ் வராது.

அடுத்தது நிறை. கொக்கியில் தொங்கும் டிஜிற்றல் தராசும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். ஒரு கிலோ அளவான கல்லை நூலில் கட்டி முதலில் காற்றில் நிறுங்கள். பிறகு அடியில் முட்டாமல் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி நிறுங்கள். காற்று நிறையை இரண்டு நிறைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி. காற்றில் 1,000 கிராம், தண்ணீரில் 655 என்றால் வித்தியாசம் 345, அடர்த்தி 2.90, பசால்ற் பக்கம் சாய்கிறது. தண்ணீரில் 626 என்றால் 2.67, அது பசால்ற் அல்ல என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். தராசு 10 கிராம் படிகளில் காட்டுவதானால் இரண்டு கிலோவுக்குக் குறையாத கல் எடுங்கள், இல்லாவிட்டால் பிழை கூடிவிடும். நூலோடு ஒட்டிய காற்றுக் குமிழைத் தட்டிவிடவும் மறக்கவேண்டாம்.

நூலில் தொங்கும் சின்னக் காந்தம் பசால்ற்றின் பக்கம் மெல்ல இழுபடும், உள்ளே மக்னற்றைற் என்ற இரும்புக் கனிமம் இருப்பதால். ஆனால் இதை மட்டும் நம்பவேண்டாம். கரிய நைஸும் இழுக்கும்.

இரண்டு வில்லங்கங்களும் உண்டு. பிளவு வேகமாக வழுக்கும்போது உராய்வுச் சூட்டில் பாறை உண்மையாகவே உருகிக் கறுப்பு நரம்பாக உறைவதுண்டு. அது எரிமலைக் கண்ணாடி போலவே இருக்கும், ஆனால் விரல் தடிப்புக்கு மேல் அரிது, இரண்டு பக்கமும் வேறு பாறை ஒட்டியிருக்கும். மற்றது டொலரைற். பசால்ற்றின் அதே குழம்பு மேலே வராமல் பாறை வெடிப்பில் சுவர்போல நின்று உறைந்தது. கிழக்கே கல்லோடைப் பக்கம் அப்படி ஒன்று உண்டு. சல்லிக்கு என்று பார்த்தால் டொலரைற் பசால்ற்றைவிட நம்பிக்கையானது, மணி கொஞ்சம் பெரிது, குமிழ் இல்லை.

கொங்கிறீட்டுக்கு

காசும் கவலையும் கூடிய இடம் இது.

மைலோனைற்றின் முதல் குறை வடிவம். கிறஷரில் போட்டால் தளத்தின் வழியே உடைந்து சப்பை சப்பையாக வரும். சப்பைச் சல்லி கலவையில் படுத்துக்கொள்ளும். அதன் வயிற்றடியில் தண்ணீர் தேங்கும், சீமெந்து அங்கே ஒட்டாது. கலவை இறுகலாக இருக்கிறது என்று மேசன் இன்னொரு வாளித் தண்ணீர் ஊற்றுவார், வலு அங்கேயே போய்விடும். கம்பி நெருக்கமான தூணில் சப்பைக்கல் குறுக்கே மாட்டி, பலகை கழற்றும்போது தேன்கூடு மாதிரிப் பொந்துகள் தெரியும்.

சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. லோட்டின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு 100 முக்கால் அங்குலச் சல்லி எடுங்கள். தடிப்பு பத்து மில்லிமீற்றருக்குக் குறைந்தவற்றை ஒரு பக்கம் எண்ணி வையுங்கள். இருபதுக்குள் என்றால் தாராளமாகப் போடலாம். முப்பத்தைந்தைத் தாண்டினால் தூண், வளை, தட்டு எதற்கும் அதைப் பாவிக்கவேண்டாம். நிலத்துக்குக் கீழே நிரப்பப் போதும்.

இரண்டாவது குறை கண்ணுக்குத் தெரியாதது. இழுபட்ட படிகக்கல்லின் மணி மிகச் சிறியது, உள்ளே நெரிபட்டது. சீமெந்தில் உள்ள சோடியம், பொற்றாசியக் காரம் அதைக் கரைத்து ஒரு களியாக்கும். அந்தக் களி தண்ணீர் உறிஞ்சி வீங்கும். காரம், ஈரம், இப்படிப்பட்ட சிலிக்கா மூன்றும் சேர்ந்தால்தான் நடக்கும். ஒன்று குறைந்தால் நடக்காது. நடந்தாலும் பத்து, பதினைந்து வருடத்துக்குப் பிறகே வெளியில் தெரியும். காய்ந்த குளத்துச் சேறு வெடித்தமாதிரிச் சுவர் முழுக்க வலைவெடிப்பு, வெடிப்போரத்தில் வெள்ளைக் கசிவு. வீட்டுக்குள் காய்ந்து கிடக்கும் தட்டுக்கு இந்தப் பயம் குறைவு. தண்ணீர்த் தொட்டி, கிணற்று வளையம், மதகு, வாய்க்கால் கட்டு, வெள்ளம் நிற்கும் காணியில் அத்திவார வளை ஆகியவற்றுக்கு உண்மையான பயம். குளத்துக்குக் குளம் மதகு நிற்கும் ஊரில் இதைச் சின்ன விஷயமாக எடுக்கமுடியாது.

பெரிய வேலையானால் சாந்துக் கட்டைச் சோதனை கேளுங்கள். கல்லை நொறுக்கிச் சீமெந்தோடு கட்டையாக வார்த்து, 80 பாகைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் 14 நாள் வைத்து நீட்சியை அளப்பது அது. 0.10 வீதத்துக்குக் கீழ் என்றால் பொதுவாகப் பயமில்லை. 0.20க்கு மேல் என்றால் வேண்டாம். இடைப்பட்டது மேலும் சோதிக்கவேண்டியது. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறோம்: நெரிபட்ட படிகக்கல் மெதுவாகவே தாக்கம் புரிவதால் இந்தச் சோதனையில் சில வேளை தப்பிவிடும். மைலோனைற் என்று தெரிந்த கல்லுக்கு மெல்லிய சீவல் வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் அறிக்கையும் சேர்த்துக் கேட்பதே புத்தி. வேறு கல்லே கிடைக்காவிட்டால் நிலக்கரிச் சாம்பல் சேர்ந்த சீமெந்து கைகொடுக்கும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் வரும் சாம்பல் இதற்குத்தான் உதவும்; சீமெந்தில் கால்பங்கு அளவு சாம்பல் இருந்தால் வீக்கம் நன்றாக அடங்கும். ஆனால் அந்தக் கலவை மெதுவாக இறுகும், பலகையை வழமையைவிடப் பிந்திக் கழற்றவேண்டும், தண்ணீர் விடுவதையும் நீட்டவேண்டும்.

பசால்ற்றுக்கு வருவோம். நல்ல பசால்ற் சல்லி கன சதுரமாக உடையும், தேயாது, சீமெந்தோடு இறுகப் பிடிக்கும். கெட்ட பசால்ற் மூன்று விதமாக ஏமாற்றும். குமிழ் உள்ளது கலவைத் தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் முதல் நாளே நனைத்துவைத்து மேல் ஈரம் காயவிட்டுப் பாவிக்கவேண்டும். பச்சைக் களிமண்ணாக மாறிய கனிமம் உள்ளது மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டு, ஒரு மாரிக்குள்ளேயே உதிரும். கண்ணாடி உறைந்து நிற்பது மைலோனைற்றின் அதே காரத் தாக்கத்தைத் தரும். 'எரிமலைக் கல்லுக்கு அந்த வருத்தம் வராது' என்ற பேச்சை நம்பவேண்டாம். உதிரும் கல்லைப் பிடிக்க ஒரு வழி: பத்துப் பன்னிரண்டு துண்டை எத்திலீன் கிளைக்கோலில், அதாவது தண்ணீர் கலக்காத வாகனக் கூலன்ற்றின் மூலப்பொருளில், 15 நாள் ஊறப்போட்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள். வெடித்தால், பிரிந்தால் அது வேண்டாத கல். அந்தத் திரவம் இனிக்கும், நஞ்சு. பிள்ளைகள், நாய் எட்டாத இடத்தில் மூடி வைக்கவேண்டும்.

எங்கள் தீர்ப்பு: வன்னியில் சாதாரண வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம். அதே குவாரியின், பட்டை விழாத, மணி தெரிகிற நைஸ் சல்லியே போதும். மைலோனைற் பட்டை குவாரி முகத்தில் எங்கே போகிறது என்று பார்த்து, அதற்கு விலகி உடைத்த கல்லைக் கேளுங்கள். பசால்ற்றைத் தேடிக் கடல் கடக்கவேண்டிய வேலை ஒரு வீட்டில் கிடையாது.

அத்திவாரத்துக்கு

இங்கே மைலோனைற் வெல்கிறது, அதுவும் சுலபமாக. கொங்கிறீட்டில் குற்றமான பலகை உடைவே இங்கே குணம். ஆப்பை வரியில் வைத்து அடித்தால் தட்டையான இரண்டு முகத்தோடு பிளக்கும், அடுக்கச் சாந்து குறையும். ஒரே ஒரு சட்டம்: பாறையின் தளம் நிலத்துக்குச் சமாந்தரமாக, புத்தகத்தைப் படுக்கப் போட்டதுபோல இருக்கவேண்டும். நிமிர்த்தி வைத்தால் சுமை வரியைப் பிளந்துவிடும், வெளி முகம் தோல் உரியும். முகத்தைச் சரியாகக் காட்ட மேசன்மார் நிமிர்த்தி வைப்பார்கள்; பக்கத்தில் நின்று பாருங்கள். மினுங்கும் மைக்கா விரலில் ஒட்டிவரும் கல்லை மட்டும் தள்ளிவிடுங்கள்.

பசால்ற்றுக்குப் படுக்கை கிடையாது. உளியைத் தின்னும், உருண்டு நிற்கும், இடைவெளிக்குச் சாந்து கூடும்.

அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும்

துளையுள்ள பசால்ற் உலகமெங்கும் அரைகல்லாக ஓடியது. ஜேர்மனியின் மாயென் பகுதி எரிமலைக் கல் ரோமர் காலத்திலேயே திருகைக் கல்லாகத் தூர தேசம் போனது. மெக்சிக்கோவில் இன்றைக்கும் மிளகாய் அரைப்பது அதில்தான். காரணம் எளிது. மேல் தேயத் தேய அடியில் இருக்கும் துளை திறந்து புதிய விளிம்பு தரும், அதனால் அடிக்கடி பொழியத் தேவையில்லை. மறைந்த செலவு துப்புரவு. துளைக்குள் இஞ்சி நாரும் தேங்காய்ப் பூவும் தங்கிப் புளிக்கும். புதிய கல்லில் ஊறவைத்த அரிசியைப் போட்டு அரைத்து வீசவேண்டும், வரும் மா வெள்ளையாகும்வரை. துளை இல்லாத, மினுக்கிய பசால்ற்றை அம்மி என்று வாங்கினால் குளவி வழுக்கும்.

மைலோனைற் அம்மியைப் பொழிபவர் கல்லின் வரியைப் பார்க்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். வரி மேல் முகத்துக்குச் சமாந்தரமாகப் போனால் உளி பட்ட இடமெல்லாம் சில்லாகக் கழன்று சம்பலில் கடிபடும். வரி நிமிர்ந்து, மேல் முகத்தில் கோடாகத் தெரியும்படி வெட்டினால் கடினமும் மென்மையுமான கோடுகள் வேறு வேறு வேகத்தில் தேய்ந்து சொரசொரப்பு நிற்கும். ஆனால் அப்படி வெட்டிய கல் விழுந்தால் நீளமாகப் பிளக்கும், ஆகவே நாலு அங்குலத் தடிப்புக்குக் குறையக்கூடாது.

தெருவுக்கும் கிணற்றுக்கும்

தார் வேலைக்குப் பசால்ற் நல்லது. சிலிக்கா குறைந்த முகத்தில் தார் பிடிக்கும். படிகக்கல் கூடிய முகத்தில் மாரி வெள்ளம் தாரைக் கழற்றிச் சல்லியை வெளியே எடுத்துவிடும். ஒழுங்கை போடுபவர் மைலோனைற் சல்லியைத் தாருக்கு அல்ல, கிரவலுக்கு மேல் அடிப்படைக்குப் போடலாம்.

குழாய்க்கிணறு அடிப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. 'பிளவு வலயம், தண்ணீர் பாயும்' என்று மைலோனைற் பட்டையின் நடுவில் துளை போடுவது பிழை. அந்தப் பட்டை நெருங்கி இறுகிய கல், தானாகத் தண்ணீர் தராது. ஆழத்தில் இறுகிய பட்டை மேலே வந்த பிறகு அதன் ஓரத்துப் பாறை குளிர்ந்த நிலையில் வெடித்திருந்தால், அந்த வெடிப்பில்தான் தண்ணீர். துளையிலிருந்து வரும் சில்லு கறுப்பு நயத்திலிருந்து துருப்பிடித்த, மணி தெரியும் சில்லாக மாறும் இடத்தைக் குறித்துவையுங்கள். தண்ணீர் வந்ததும் புளோரைட்டு அளவைப் பார்க்காமல் குடிக்கவேண்டாம். உலர் வலயக் கடும்பாறைக் கிணறுகளில் அது கூடுவதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்.

நிறை, பத்திரம், பயணம்

ஒரு கியூப் 100 கன அடி. நைஸ் அல்லது மைலோனைற் சல்லி ஒரு கியூப் ஏறக்குறைய நாலு தொன் வரும். பசால்ற் நாலரைக்குக் கிட்ட. தொன் கணக்கில் விலை பேசி வாங்கும் பசால்ற் அதே குழியை நிரப்பப் பத்து வீதம் கூடக் காசு கேட்கும். கியூப் கணக்கில் வாங்கினால் நட்டம் டிப்பரின் வில்லுக்கு.

கல் உடைக்கவும் ஏற்றவும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். வாகனத்தில் வரும் பத்திரத்தின் திகதியையும் வாகன இலக்கத்தையும் இறக்கமுன்பு பாருங்கள். காட்டோரப் பாறையில் தானாகப் பொறுக்கப் போகிறவர்கள் மிதிவெடிச் சிவப்புப் பலகை நிற்கும் பக்கம் கால் வைக்கவேண்டாம். பலகை இல்லாத இடத்தையும் ஊராரிடம் கேட்டுவிட்டே போகவேண்டும்.

பாடசாலைப் பெட்டிக்கு

உயர்தர மாணவர்களுக்குக் காட்ட மாதிரி சேர்க்கும் ஆசிரியர் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் மைலோனைற்றை எடுக்கட்டும். பசால்ற்றின் படம் எல்லாப் புத்தகத்திலும் உண்டு, கல்லும் காசுக்குக் கிடைக்கும். கண் தெரியும் மைலோனைற் துண்டு, பக்கத்தில் இழுபடாத அதே நைஸின் துண்டு, இரண்டும் ஒரே குவாரியிலிருந்து இருந்தால் உருமாற்றம் என்ற பாடம் மேசையிலேயே கிடக்கும். மைலோனைற்றை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு முகத்தில் அறுத்து, நனைத்துக் காட்டவேண்டும். சிட்டையில் எடுத்த இடம், நாள், அளந்த அடர்த்தி மூன்றையும் பேனாவால் எழுதுங்கள். பாறையின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள்.